மீன் தின்ற உடம்பு

மணியம்மாள் விழவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைத்தான் முதலில் சொன்னாள். படகில் நின்றிருந்த புருஷன் சகாதேவன் இறால் கூடையை எடுத்து நீட்ட, முழங்கால் தண்ணீரில் நின்றபடி அதை வாங்கிக்கொண்டு கரைப் பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பியது, சேற்றில் புதைந்திருந்த இடது கால் திரும்பவில்லை. காய்ந்த சவுக்கு மிலாறுக் குச்சியை ஒடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. சகாதேவனுக்கும் கேட்டது. கூடை சரிந்து இறாலெல்லாம் ஏரியில் மிதக்க, அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பொன்னேரியில் எலும்பு மருத்துவர் ஞானதாஸ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்திருந்தது.

"எங்கேயாவது மேலேருந்து விழுந்தீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். சும்மா திரும்பனேன். அவ்ளோதான்."

"வயசு?"

"அம்பத்தஞ்சி."

"மாதவிடாய் நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

அவள் சகாதேவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். "கர்ப்பப்பைய எடுத்து பதினாறு வருசம் ஆவுது" என்றாள் மெதுவாக.

மருத்துவர் தலையை ஆட்டினார். அவளுடைய எலும்பு உள்ளுக்குள் மெலிந்துபோயிருக்கிறது என்றார். இவ்வளவு சின்ன அசைவுக்கு ஒரு எலும்பு முறியக் கூடாது. முறிந்திருக்கிறது என்றால் மற்ற எலும்புகளும் அப்படித்தான் இருக்கும். மாவுக்கட்டு போட்டு அனுப்பும்போது ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். மாத்திரைகள், காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால், மதியம் தயிர், பாலிலிருந்து எடுத்த புரத மாவு ஒரு டின்.

"எலும்புன்னா வெறும் சுண்ணாம்பு இல்லம்மா. உள்ளே புரதத்தால பின்னின வலை ஒண்ணு இருக்கு. அந்த வலை இருந்தாத்தான் சுண்ணாம்பு வந்து அதுல படியும். முறிஞ்ச இடத்துல இப்ப புதுசா பின்னணும். அதுக்குச் சரக்கு நீங்கதான் குடுக்கணும். பால் நல்லா குடிங்க."

மணியம்மாளுக்கு அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பால் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

அவர்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. சன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். மகள் வைஷ்ணவி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கணினி வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அதனால் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கும் வேலையைச் சகாதேவன் எடுத்துக்கொண்டான். முப்பது வருடத்தில் அடுப்பங்கரைப் பக்கம் வராதவன், டின்னில் இருந்த அளவுக் கரண்டியைத் தட்டித் தட்டி மாவை அளந்து போட்டான்.

"இன்னொண்ணு" என்றான் முதல் நாளே. "இனிமே உனுக்கு மீனு கெடையாது. பாலு குடிக்கிற ஒடம்பு. ரெண்டும் சேரக் கூடாதுன்னு உனுக்கே தெரியும்."

தெரியும். குப்பத்தில் பேச்சு வந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீனும் பாலும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும். பிறந்ததிலிருந்து மூன்று வேளையும் மீன் தின்றவர்கள் வீட்டில் பால் காபிக்கும் டீக்கும்தான். அதுவும் குழம்பு ருசி வாயிலிருந்து போன பிறகு. சகாதேவன் அவளுடைய தட்டில் ரசம் சோறும் கத்திரிக்காயும் அப்பளமும் வைத்தான். பக்கத்தில் பால் டம்ளரை மூடி வைத்துவிட்டு ஏரிக்குப் போனான்.

அவன் போன பிறகு மணியம்மாள் டம்ளரைத் திறந்து பார்த்தாள். ஆடை படர்ந்திருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவளுக்குக் கஸ்தூரியின் உதடு ஞாபகம் வந்தது.

கஸ்தூரி அவளுடைய அக்கா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, மணியம்மாளுக்குப் பதின்மூன்று. குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் கஸ்தூரியின் கீழுதட்டு ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. பிறகு கண்ணோரம். பிறகு விரல்கள். அழைத்துப் போக வந்த புருஷன் வீட்டார் வாசலிலேயே தள்ளி நின்று, குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு கஸ்தூரி முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டே நடமாடினாள். ஒன்றரை வருடம். ஒரு மதியம் நண்டு பொறுக்கப் போகிறேன் என்று போனவளை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. சகாதேவனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அவனிடம் சொல்லாத ஒன்று மணியம்மாளிடம் இருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தைந்து வருடம் மீன் தின்ற உடம்பு, இன்றைக்கு நிறுத்தினால் ஆயிற்றா என்று நினைத்தபடி பால் டம்ளரை எடுத்தாள். சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி மணலில் கவிழ்த்தாள். மணல் உறிஞ்சிக்கொண்டது.

சாயங்காலம் வந்த சகாதேவன் காலி டம்ளரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "அப்பிடித்தான். ஒரே மாசத்துல எய்ந்து நடப்ப பாரு."

அப்படியே நாட்கள் போயின. ஊரே வேலைக்குப் போய்விட்ட பகல் பொழுதுகள்தான் அவளுக்குக் கொடுமையாக இருந்தன. கடல்காற்று சன்னல் கதவை அடிக்கும். கட்டுக்குள் கால் அரிக்கும். எதையாவது உள்ளே விட்டுச் சொறியலாம் என்றால் எலும்பு நகர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். மற்ற எலும்புகளும் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் படுக்கும்போது விலா ஒடியுமா, கையை ஊன்றி எழுந்தால் மணிக்கட்டு ஒடியுமா என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தாள். கடைசியில் செய்வதையே குறைத்துக்கொண்டாள். மீன் கிடையாது, பால் மண்ணுக்கு. ரசம் சோற்றில் இருந்தது அவள் உடம்பு. கன்னம் ஒட்டிப்போனது. மேல்கையைப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

ஆறாவது வாரம் ஆட்டோ வைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனார்கள். கட்டைப் பிரிக்காமலே படம் எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். ஞானதாஸ் இந்த முறை படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"புது எலும்பு பூக்கவே இல்லையே. ஆறு வாரத்துல லேசாவாவது மேகம் மாதிரி தெரியணும். ஒண்ணுமே காணோம்." ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "உடம்புல புரதம் ரொம்பக் கம்மியா இருக்கு. பால் குடிக்கிறீங்கதானே?"

"ரெண்டு வேளையும் நானே ஆத்திக் குடுக்கறேன் டாக்டர்" என்றான் சகாதேவன். குரலில் பெருமை இருந்தது.

மணியம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

"இன்னும் ஆறு வாரம் பார்ப்போம். சேரலைன்னா சென்னைக்குத்தான் அனுப்பணும். இடுப்பு எலும்புலேருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து இங்கே வச்சு, உள்ளே கம்பி போடணும். மெலிஞ்ச எலும்புல கம்பி நல்லா பிடிக்குமான்னும் சொல்ல முடியாது." அவர் படத்தை உறைக்குள் போட்டார். "பயமுறுத்தறதுக்காகச் சொல்லலம்மா."

திரும்பி வரும் வழியில் பழவேற்காட்டுப் பாலத்தில் ஆட்டோ ஏறும்போது சகாதேவன், "நான் மாவு கம்மியா போட்டுட்டேனா?" என்று கேட்டான். அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வைஷ்ணவி வீட்டைக் கழுவிவிட்டாள். கட்டில் பக்கம் வந்தவள் மூக்கைச் சுளித்தாள். சன்னல் விளிம்பில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் போனாள். சன்னலுக்குக் கீழே மணல் கட்டி கட்டியாக இறுகி, வெளுத்துப்போய், புளித்த நாற்றம் அடித்தது. அதன்மேல் எறும்பு மொய்த்திருந்தது. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சகாதேவன் வலை பிரிக்கக் கரைக்குப் போயிருந்தான்.

"எவ்ளோ நாளா ஊத்தற?"

மணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். மொதல் நாள்லேர்ந்தா?"

"ஆமா."

"இன்னாம்மா பைத்தியமா உனுக்கு? காலு போயிடும்மா! இடுப்பு எலும்ப அறுக்கப் போறாங்க!"

"அறுக்கட்டும். அது வெளிய தெரியாது."

வைஷ்ணவி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்ததால்தானோ என்னவோ, மணியம்மாளுக்கு அழுகை வந்தது. கஸ்தூரி கதையின் பாதி வைஷ்ணவிக்கும் தெரிந்ததுதான். மீதியை அன்றைக்குச் சொன்னாள்.

"அவுளுக்குப் பாலு குடுத்தது நான்தாண்டி. மதியம் பால்சுறா புட்டு ஆக்கிக் குடுத்துது எங்கம்மா, தாய்ப்பால் ஊறும்னு. அத்த தின்னுட்டுப் படுத்துக்கினு இருந்தா. நாக்கு வறளுது, கொஞ்சம் பாலு குடு மணி, அம்மாக்குச் சொல்லாதன்னா. வயக்காட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆயா கொண்டாந்து வச்ச பாலு. நான்தான் டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். மூணாம் மாசம் வெள்ள வந்துது. நான் யாருகிட்டயும் சொல்லல. அவளும் சொல்லல. சாவற வரைக்கும் சொல்லல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உனுக்கு எடம் பாக்கறோம். இப்ப என் மூஞ்சில வெள்ள விழுந்தா உன்ன யாரு கட்டுவான்?"

வைஷ்ணவி கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு, "நான் ஒண்ணு சொல்றேன். நீ கத்தக் கூடாது" என்றாள்.

"இன்னா?"

"ஆபீஸ் கேண்டீன்ல மதியம் மீன் கொழம்பு. அத்த தின்னுட்டு கடைசியா தயிர் சோறு. தெனமும். ரெண்டு வருசமா நான் அப்பிடித்தான் சாப்புடறேன். எல்லாருமே அப்பிடித்தான் சாப்புடறாங்க."

மணியம்மாள் கட்டுப் போட்ட காலை மறந்து எம்பி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சடையைத் தூக்கிப் பிடரியைப் பார்த்தாள். உதட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வைஷ்ணவி எதற்கும் அசையவில்லை. வெளிச்சம் விழும்படி தானே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல இல்ல?"

"இன்னும் வரல" என்றாள் மணியம்மாள்.

"நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன். பாலு இனிமே நானே ஆத்தறேன்னு மட்டும் சொல்லிடறேன். காலையில நான் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு டம்ளரு, சாயங்காலம் வந்ததும் ஒரு டம்ளரு. என் கண்ணு முன்னாடி குடிக்கணும். நீ ஊத்தனா நானும் சாப்புடறத நிறுத்திடுவேன். சத்தியமா."

முதல் டம்ளரை அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ருசி தெரியவில்லை. அன்று சாயங்காலம் இரண்டாவது. மறுநாளிலிருந்து தட்டில் முட்டையும் பருப்பும் வந்தன. அவள் தின்றாள். மகள் கிளம்பிப் போன பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, உதடு, கண்ணோரம், காது மடல் என்று வரிசையாகப் பார்த்தாள். நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தபோது இரண்டு வாரம் அந்த விரலை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாவது வாரம் அது நகத்தோடு மேலே நகர்ந்திருந்தது. அது நகத்தில்தான், தோலில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. தின்ற மீனெல்லாம் ரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்றும், பால் அதைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் தோன்றும். அந்தப் பயத்தோடேயே மறுநாள் டம்ளரை வாங்கினாள். அவள் குடித்து முடிக்கும்வரை வைஷ்ணவி பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

பன்னிரண்டாவது வாரம் கட்டுப் பிரிக்கப் போனார்கள். வைஷ்ணவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சகாதேவன்தான் கூட வந்தான். சின்ன அறை ஒன்றில் அவளை மேசையில் படுக்க வைத்தார்கள். செசிலியா என்ற நடுவயது நர்ஸ் கட்டு அறுக்கும் கருவியை எடுத்து, "சத்தம்தான் பெருசா இருக்கும்மா, தோலை அறுக்காது" என்றாள். கருவி இரைந்தது. மணியம்மாள் சகாதேவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த பஞ்சை நர்ஸ் உரித்து எடுத்தாள்.

மணியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கெண்டைச்சதை வற்றிப்போய், ஒரு குழந்தையின் கால்போல இருந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை திட்டுத் திட்டாக வெள்ளை.

"வந்துடுச்சி!" அவள் அலறினாள். "ஐயோ, வந்துடுச்சி! மூடுங்க, மூடுங்க!"

சகாதேவனும் பார்த்தான். அவனையறியாமல் ஒரு அடி பின்னால் போனான். அந்த ஒரு அடியை மணியம்மாள் பார்த்துவிட்டாள். கஸ்தூரியின் புருஷன் வீட்டார் வாசலில் நின்ற தூரம் அது. அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு, சேலையை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு? வலிக்குதா?" நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வெள்ளப்படை" என்றான் சகாதேவன் வறண்ட குரலில். "மீனு தின்ன ஒடம்புல பாலு..."

செசிலியா அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தேங்காய் எண்ணெயை எடுத்துக் காலில் தடவி, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி மெதுவாகத் துடைத்தாள். வெள்ளை, மீன் செதிள்போல உரிந்து துணியோடு வந்தது. அடியில் மணியம்மாளின் கறுத்த தோல் பளபளத்தது. மறுபடி துடைத்தாள். இன்னும் கொஞ்சம் வந்தது.

"செத்த தோல்ம்மா. மூணு மாசம் தண்ணி படாம உள்ளேயே இருந்தா யாருக்கா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் எண்ணெய் வச்சுக் குளிச்சா எல்லாம் போயிடும்."

அலறல் கேட்டு ஞானதாஸ் வந்து நின்றிருந்தார். நடந்ததை நர்ஸ் சொல்ல, அவர் நாற்காலியை இழுத்து மேசைப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"வெண்புள்ளி சாப்பாட்டால வர்றதில்லம்மா. மீனும் பாலும் சேர்ந்தா வரும்ங்கறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. உடம்போட எதிர்ப்புச் சக்தியே தோலோட நிறத்தை அழிக்குது. பால் தொடாதவங்களுக்கும் வருது, மீன் தொடாதவங்களுக்கும் வருது. ஒட்டிக்கவும் ஒட்டிக்காது."

மணியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, பாலு குடுத்தவங்க மேல தப்பு இல்லியா டாக்டர்?"

"யாரு குடுத்தாங்க?"

அவள் சொன்னாள். மகளிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, நாலு வாக்கியத்தில். முதல்முறையாகச் சகாதேவன் அதைக் கேட்டான். முதல் ஆறு வாரமும் பாலைச் சன்னல் வழியாக ஊற்றியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"உங்க அக்காவுக்கு வந்தது வர இருந்ததும்மா" என்றார் மருத்துவர். "நீங்க குடுத்த பாலால வரலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. பால் செய்யவில்லை என்றால், கஸ்தூரியை அந்த முகத்துவாரத்துக்கு அனுப்பியது வாசலில் தள்ளி நின்றவர்கள்தான். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், பயத்தில் அவள் தட்டைத் தொடாமல் ஒதுங்கிப்போன பதின்மூன்று வயது மணியும் அவர்களில் ஒருத்தி. அது மருத்துவரால் துடைத்து எடுக்க முடியாதது.

சகாதேவன் கிட்டே வந்தான். நர்ஸின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான். "நான் தொடைக்கறேன் சிஸ்டர்" என்றான். கணுக்கால் பக்கம் மிச்சமிருந்ததைக் குனிந்து துடைக்க ஆரம்பித்தான். மணியம்மாளின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளும் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

புதுப் படம் எடுத்து வந்தது. முறிந்த கோட்டின் இரண்டு பக்கமும் மங்கலாக ஒரு புகைமூட்டம் படர்ந்திருந்தது. "இதுதான் நான் எதிர்பார்த்தது. கடைசி ஆறு வாரத்துல வந்திருக்கு" என்று பேனா முனையால் காட்டினார் ஞானதாஸ். "முழுசா கெட்டிப்படலை. ஆனா அறுவை வேண்டாம். பாலும் மாவும் நிறுத்தாதீங்க. மீனும் சாப்பிடுங்க. அதுவும் புரதம்தான், அதை யார் நிறுத்தச் சொன்னது?"

சகாதேவன் துணியை மடித்துக்கொண்டே, "நாந்தான்" என்றான்.

காலுக்கு ஒரு உறை மாட்டி, நாலு கால் ஊன்றுகோலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள் செசிலியா. பாதி பாரம் மட்டும் அந்தக் காலில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மணியம்மாள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது கால் தரையில் இருந்தது. இடது பாதம் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது. கீழே வைத்தால் அந்தச் சத்தம் மறுபடி கேட்குமோ என்று காதெல்லாம் விறைத்துக்கொண்டது.

"வலிக்குதா?" என்றான் சகாதேவன். அவன் இரண்டு கைகளையும் அவள் முதுகுக்குப் பின்னால் தொடாமல் விரித்துப் பிடித்திருந்தான்.

"இல்ல. பயமா கீது."

"எனுக்கும்தான். வையி."

அவள் முதலில் கட்டைவிரலை வைத்தாள். பிறகு குதிகாலை இறக்கினாள். தரை சில்லென்று இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஊன்றுகோலை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தாள்.